பழகி விற்றல்: ஓவியரும் ஓவியம் வாங்குவோரும்

மூல ஓவியம் என்பது உலகில் ஒன்றே ஒன்று மட்டும் உள்ள பண்டம். காஞ்சிபுரம் பட்டுப்புடவை வாங்கப் போகிறவர் பட்டின் எடையையும் சரிகையின் தரத்தையும் கேட்டு அறியலாம். நகை வாங்குபவருக்குத் தங்கத்தின் அன்றைய விலையும் சேதாரக் கணக்கும் தெரியும். மனை வாங்குபவர் பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று விசாரித்துக்கொள்வார். ஓவியத்துக்கு இந்த வழி எதுவும் இல்லை. கித்தான், வண்ணம், சட்டகம் ஆகியவற்றின் செலவைக் கூட்டினால் வரும் தொகை, ஓவியர் சொல்லும் விலையை விளக்காது. முதன்முறையாக ஓவியம் வாங்க வருபவர் இரண்டு கேள்விகளோடு படத்தின் முன்னால் நிற்கிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறதா என்பது ஒன்று; ஏமாந்துவிடுவேனோ என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் படமே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு, அதை வரைந்தவரோ அவரை நன்கு அறிந்த ஒருவரோதான் பதில் சொல்ல முடியும். ஓவிய விற்பனையில் நேர்ப்பழக்கம் பெறும் இடம் இங்கேதான் தொடங்குகிறது.

ஓவியம் கைமாறுவதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: கேலரி, ஏலம், ஓவியரிடமிருந்து நேராக வாங்குவது. ஏலம் பெரும்பாலும் பெயர் நிலைபெற்றவர்களின் படங்களுக்கானது. கேலரி வழியாக விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் சரிபாதிவரை கமிஷனாகப் போவது வழக்கம். அந்தக் கமிஷன் சுவர் வாடகைக்கும் மின்விளக்குக்கும் மட்டும் தரப்படுவதில்லை. பல ஆண்டுகளாகச் சேகரிப்பாளர்களோடு பழகிச் சேர்த்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் அது தரப்படுகிறது. கேலரிக்காரர் நன்கு அறிந்த பத்துப் பேர்தான் கேலரியின் உண்மையான முதல். நேராக விற்க முற்படும் ஓவியர் இந்த வேலையைத் தாமே ஏற்றுக்கொள்கிறார்.

கலைஞருக்கும் அவருக்குப் பொருள் தருபவருக்கும் உள்ள உறவைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறது. புறநானூற்றின் 208ஆம் பாட்டின் பின்னணி இது: பெருஞ்சித்திரனார் அதியமானை நாடிச் செல்கிறார், அரசன் அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான், புலவர் அதை ஏற்க மறுக்கிறார். கண்டு, தகுதியறிந்து தருவது மிகச் சிறிதானாலும் போதும் என்பது அவர் நிலை. இன்றைய ஓவியர் பரிசிலர் அல்லர். விலை சொல்லி விற்பவர். ஆயினும் அந்தப் புலவரின் மனக்குறையை ஓவியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பாராமல் வாங்கப்பட்ட படம் பணத்தைத் தரும். அடுத்த படத்துக்கான ஆளைத் தராது.

இந்தியாவில் தைலவண்ண ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டு பெரும் வெற்றி கண்ட முதல் ஓவியர்களில் ஒருவரான ராஜா ரவி வர்மாவின் வாழ்க்கையே அறிமுகங்களின் தொடர்தான். திருவிதாங்கூரில் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ் பின்னர் பரோடாவின் திவானானார். 1881இல் ரவி வர்மாவும் அவர் தம்பி ராஜ ராஜ வர்மாவும் பரோடா சென்றார்கள். பரோடா அரசர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாடுக்காக வரைந்த உருவப்படங்களும், பின்னர் அதே அரண்மனைக்கு வரைந்த 14 புராண ஓவியங்களும் இந்தப் பழக்கத்தின் விளைவு. ஓர் அவையில் வேலை முடிவதற்குள் அடுத்த அவையிலிருந்து அழைப்பு வரும். தம்பியும் ஓவியர்தான், ஆனால் அண்ணனின் பயணங்களையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்துக்கொண்டவரும் அவரே. 1895 முதல் 1904 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், யார் வீட்டுக்குப் போனார்கள், யாரைச் சந்தித்தார்கள், எந்தப் படத்தில் வேலை நடந்தது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ரவி வர்மாவின் பெயருக்குப் பின்னால் உழைத்த அந்தத் தம்பிக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் வேறு வழியில் போனது. அதன் வண்ண அச்சுப்படங்கள் கடைவீதியில் விற்றன. வாங்கியவர் யார் என்று ஓவியருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒரே ஓவியரின் வாழ்வில் இரண்டு வணிகங்களும் பக்கம் பக்கமாக நிற்கின்றன: அச்சுப்படத்துக்குச் சந்தை, மூல ஓவியத்துக்கு முகம் தெரிந்த மனிதர்.

முகம் தெரிந்த மனிதர் ஒருவர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்குப் பாரிஸின் விக்தோர் ஷொக்கேயைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சுங்கத்துறையில் வேலை பார்த்தவர், பெரும் செல்வர் அல்லர். 1875 மார்ச்சில் ரெனுவார், மோனே, சிஸ்லி, பெர்த் மொரிஸோ ஆகியோர் துரோவ் ஏலக்கூடத்தில் தங்கள் படங்களை ஏலத்துக்கு விட்டார்கள். கூட்டம் கூச்சலிட்டது, போலீஸ் வர வேண்டியதாயிற்று, விலையும் மிகக் குறைவாகவே போனது. அங்கே வந்திருந்த ஷொக்கே அன்று மாலையே ரெனுவாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் மனைவியின் உருவப்படத்தை வரைந்து தர முடியுமா என்று கேட்டார். ரெனுவார் ஒப்புக்கொண்டார். பழக்கம் வளர்ந்தபின் ரெனுவார் செய்த காரியம்தான் முக்கியமானது. தம் படம் இன்னும் ஒன்றை அவர் தலையில் கட்டப் பார்க்கவில்லை. வண்ணப்பொருள் வணிகர் தாங்கியின் சிறிய கடைக்கு அவரை அழைத்துப் போய், அப்போது யாரும் சீண்டாத செசானின் படங்களைக் காட்டினார். ஷொக்கே ஒன்றை வாங்கிவிட்டார். மனைவி என்ன சொல்வாரோ என்ற பயம் வந்தது. படத்தை ரெனுவாரே தம்முடையதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்து, போகும்போது மறந்தாற்போல விட்டுச் செல்வதென்று இருவரும் பேசிவைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. சில நாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த அம்மையாருக்கும் பழகிவிடும் என்பது கணக்கு.

இந்தச் சிறு சூழ்ச்சிக்குள் ஓவிய விற்பனையின் பெரிய நுட்பம் ஒன்று இருக்கிறது. புதிய கலை கண்ணுக்குப் பழகக் காலம் வேண்டும். கடையிலோ கண்காட்சியிலோ கிடைக்கும் பத்து நிமிடம் அதற்குப் போதாது. ஷொக்கே 30க்கும் மேற்பட்ட செசான் ஓவியங்களைச் சேர்த்தார். செசான் அவரைப் பலமுறை வரைந்தார். அவற்றில் ஒன்று 1877இல் இந்த ஓவியர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் வைக்கப்பட்டுக் கேலிக்கு ஆளானபோது, ஷொக்கே நாள்தோறும் கூடத்தில் நின்று, சிரித்தவர்களிடம் வாதாடினார். விளம்பரம் எதுவும் செய்ய முடியாத வேலை இது. வாங்கியவர் தாமாகவே ஓவியரின் சார்பில் பேசத் தொடங்குகிறார். ஓவியர் பேசினால் தற்பெருமையாகக் கேட்கும் சொற்கள் அவர் வாயிலிருந்து வரும்போது சாட்சியமாகின்றன.

அதே காலத்தில் பாரிஸில் இருந்த அமெரிக்க ஓவியர் மேரி கஸாட் தம் தோழி லூயிசின் எல்டரைத் தெகாவின் பேஸ்டல் படம் ஒன்றை வாங்கச் சொன்னார். விலை 500 பிராங்க். இளம்பெண்ணான லூயிசின் சகோதரிகளின் கைப்பணத்தையும் கேட்டு வாங்கிச் சேர்த்துத்தான் அதைக் கொடுக்க முடிந்தது. அவரே பிறகு சர்க்கரை ஆலை அதிபர் ஹெவ்மயரை மணந்தார். கணவனும் மனைவியும் கஸாட்டின் துணையோடு சேர்த்த தொகுப்பின் பெரும்பகுதி 1929இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரெனுவாரும் கஸாட்டும் செய்தது ஒன்றே: தமக்கு அமைந்த ஆர்வலரை இன்னொரு ஓவியரிடம் அழைத்துச் சென்றார்கள். வாங்குபவரைத் தம் சொத்துபோல் ஒளித்து வைக்கும் ஓவியர்கள் இன்றும் பலர். அந்தப் பயம் இயல்பானது. ஆனால் வரலாறு அதற்கு ஆதரவாக இல்லை. நல்ல படங்களைக் காட்டியவர் என்ற நன்றியோடு அந்த ஆர்வலர் திரும்பி வருகிறார்.

வணிகர்களிலும் இதை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். பால் டுராண்ட்-ருயெல், பிரஷ்யப் போரின்போது லண்டனில் தங்கியிருந்த மோனேயையும் பிஸாரோவையும் சந்தித்தார். அதுமுதல் இந்த ஓவியர்களின் படங்களை அவர் தொடர்ந்து வாங்கினார். விற்காத காலத்திலும் பணம் அனுப்பினார். பாரிஸில் தம் குடியிருப்பையே பார்வையாளர்களுக்குத் திறந்துவைத்தார்; அதன் கதவுப் பலகைகளில் மோனே பூக்களும் பழங்களும் வரைந்து தந்தார். ஒரு குடும்பம் சாப்பிட்டு, பேசி, பிள்ளைகளை வளர்க்கும் அறைகளில் இந்தப் படங்கள் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, தங்கள் வீட்டிலும் அவை இருக்கலாம் என்பது எளிதாக விளங்கியது. 1886இல் அவர் 300 அளவிலான படங்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோனபோது அங்கே வாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஹெவ்மயர் குடும்பத்தைப் போன்ற சிலரை முன்பே பழக்கி வைத்தவர் கஸாட் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

வின்சென்ட் வான் கோவின் படம் எதுவும் அவர் உயிரோடு இருந்தபோது விற்கவில்லை என்று சொல்வது பொருந்தாது. 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அவருடைய சிவப்புத் திராட்சைத் தோட்டம் 400 பிராங்குக்கு விற்றது. வாங்கியவர் அன்னா போக், தாமும் ஓவியர். 1888இல் ஆர்ல் நகரில் வின்சென்ட் யாருடைய உருவத்தை விண்மீன் பின்னணியில் வரைந்தாரோ, அந்த யூஜீன் போக்கின் சகோதரி. ஆக, மிகத் தனிமைப்பட்டவராகப் பேசப்படும் அந்த ஓவியரின் பெயர்பெற்ற ஒரே விற்பனையும் தெரிந்த குடும்பத்துக்குள்தான் நடந்தது. அவர் இறந்து ஆறு மாதத்தில் தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி ஜோ கைக்குழந்தையோடு ஹாலந்துக்குத் திரும்பி, பூஸம் என்ற ஊரில் தங்குவிடுதி நடத்திக்கொண்டு, வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்துக்கொண்டார். குடும்பக் கணக்குப் புத்தகத்திலேயே படங்களின் விற்பனையையும் அவர் எழுதிவைத்தார். அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. எதையும் அள்ளிக் கொடுக்கவில்லை. ஆண்டுக்குச் சில என்று, பார்த்துப் பார்த்து, வணிகர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் கடிதம் எழுதி விற்றார். 1905இல் ஆம்ஸ்டர்டாமில் தாமே கூடத்தை வாடகைக்கு எடுத்து 400க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். லண்டன் தேசியக் கலைக்கூடம் சூரியகாந்திப் படத்தைக் கேட்டபோது முதலில் மறுத்தார். 30 ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் பார்த்த படம் அது. 1924இல், வின்சென்டின் பெயருக்கு அது நன்மை செய்யும் என்று எண்ணித்தான் கொடுத்தார். படம் எந்தச் சுவருக்குப் போகிறது என்பதை விலையோடு சேர்த்து எண்ணிய பெண்மணி அவர்.

பணக்காரரைத் தேடிப் பிடிப்பதே பழகி விற்பது என்று நினைப்பவர்களுக்கு ஹெர்பர்ட், டாரத்தி வோகல் தம்பதியின் வாழ்க்கை விடை சொல்லும். கணவர் நியூயார்க் அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பவர். மனைவி புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். 1962இல் மணம் முடித்தார்கள். ஒருவர் சம்பளத்தில் குடும்பம், மற்றவர் சம்பளத்தில் ஓவியம் என்று வகுத்துக்கொண்டார்கள். விலை கைக்கு எட்ட வேண்டும். சுரங்க ரயிலிலோ டாக்சியிலோ எடுத்துவரக் கூடியதாக இருக்க வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் அடங்க வேண்டும். இவ்வளவுதான் அவர்களுடைய விதி. பெயர் தெரியாத இளங்கலைஞர்களின் பட்டறைக்குப் போய், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லி, மணிக்கணக்கில் பார்ப்பார்கள். பணத்தைத் தவணையில் தருவார்கள். கலைஞர் சால் லெவிட்டின் படைப்பை முதலில் வாங்கியவர்களில் அவர்கள் உண்டு. கலைஞர்களான கிறிஸ்டோவும் ஜான்-கிளாடும் வெளியூர் சென்றபோது அவர்களின் பூனையைப் பார்த்துக்கொண்டதற்கு ஈடாக ஒரு படைப்பு கிடைத்தது. 1992இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அந்தத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. கடைசியில் எண்ணிக்கை 4,000ஐத் தாண்டியது. இந்தத் தம்பதி தங்கள் பட்டறைக்கு வந்த முதல் நாளில் அவர்களின் உடையைப் பார்த்து எடைபோட்டிருக்கக்கூடிய ஓவியர்கள், பிற்காலத்தில் தங்கள் படைப்பு தேசியக் கலைக்கூடத்துக்குப் போகும் வழியையே அடைத்திருப்பார்கள்.

இந்தியாவில் நவீன ஓவியத்தின் தொடக்க காலமும் ஒரு சிலரின் நட்பால் தாங்கப்பட்டது. 1947இல் பம்பாயில் உருவான முற்போக்கு ஓவியர் குழுவுக்கு, ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த மூவர் துணை நின்றார்கள்: ஓவியர் வால்டர் லாங்ஹாமர், கலை விமர்சகர் ரூடி ஃபான் லெய்டன், மருந்துத் தொழில் நடத்திய எமானுவேல் ஷ்லெசிங்கர். லாங்ஹாமர் வீட்டில் ஓவியர்கள் கூடிப் பேசினார்கள், ஷ்லெசிங்கர் வாங்கினார். சட்டகக் கடை நடத்திய கேக்கு காந்தி, கடையின் காட்சிச் சன்னலில் இவர்களின் படங்களை மாட்டிவைத்தார். அந்தக் கடையிலிருந்துதான் 1963இல் கெமூல்ட் கேலரி பிறந்தது. சட்டகம் போடுபவர் யார் வீட்டில் எந்தச் சுவர் காலியாக இருக்கிறது என்று அறிந்தவர். இன்றும் ஒரு நகரத்தில் படம் வாங்குவோரைத் தெரிந்துகொள்ள நினைக்கும் ஓவியர் முதலில் பழக வேண்டியவர் அவர்தான்.

சென்னையின் கதை இவற்றிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. இங்கே வாங்குபவர் வந்து ஓவியரைக் காப்பாற்றவில்லை. ஓவியர்கள் கூடி, வாங்குபவர் வந்து சேரும் இடம் ஒன்றைக் கட்டினார்கள். அரசு கலை, கைவினைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களில் திறமையானவர்களே படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போய் ஓவியத்தைக் கைவிடுவதைக் கண்டார். சென்னையில் அப்போது நவீன ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. ஓவியம் உடனே விற்காது, ஆனால் கைவினைப் பொருள் விற்கும் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். 1960களின் முற்பகுதியில் ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மாலை நேரங்களில் பாடிக் துணிகள் செய்தார்கள். உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் வரைவது, குளிர்ந்த சாயத்தில் முக்குவது, மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நரம்புபோல ஓடுவதைக் காப்பது, பின் கொதிநீரில் மெழுகை நீக்குவது என்று ஒவ்வொரு துணிக்கும் பல கட்ட வேலை. தேர்ந்த ஓவியரின் கை அதில் தெரிந்தது. அந்தத் துணிகள் விற்ற பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது.

மணல்வெளியில் எளிய குடில்களாகத் தொடங்கிய அந்த ஊரில் சுல்தான் அலி, ராமானுஜம், வாசுதேவ், ஹரிதாசன், சேனாதிபதி, கோபிநாத், நந்தகோபால் போன்றவர்கள் வாழ்ந்தும் வேலை செய்தும் வந்தார்கள். அங்கே வந்த பார்வையாளர் பெற்றது வேறு எந்தக் கண்காட்சிக் கூடமும் தர முடியாதது. பொதுக்கூடத்தில் படங்களைப் பார்ப்பார். பிறகு அதே ஊரில், சில நிமிட நடையில், அந்தப் படத்தை வரைந்தவரின் வீட்டு வாசலில் நிற்பார். செம்புத் தகட்டைத் தட்டி நெளிக்கும் ஓசை ஒரு வீட்டிலிருந்து, தைலவண்ணத்தின் வாசனை இன்னொன்றிலிருந்து. பாடிக் துணி ஒன்றை வாங்க வந்தவர் ஓவியரைச் சந்தித்து, இரண்டாம் முறை ஒரு கோட்டோவியத்தோடும், மூன்றாம் முறை ஒரு கித்தானோடும் திரும்பக்கூடிய படிக்கட்டு அங்கே இருந்தது. முதல் படியை எவரும் ஏறக்கூடிய உயரத்தில் வைத்ததுதான் பணிக்கரின் தொலைநோக்கு. கைவினையைத் தாழ்வாக எண்ணும் ஓவியர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். சோழமண்டலம் தன் காலில் நின்றது அந்த எண்ணத்தை விட்டதால்தான்.

தமிழ் வாசகர்களுக்கும் ஓவியர்களுக்கும் இடையே வேறொரு வகைப் பழக்கமும் ஏற்பட்டது. ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் சிற்றிதழ்களிலும் நூல் அட்டைகளிலும் வந்தன. கேலரிப் பக்கமே போகாத ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஓர் ஓவியரின் கோட்டைப் பார்த்த உடனே இன்னார் கை என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பணம் அதில் பெரிதாக வரவில்லை. கண் பழகியது. எழுத்தாளர் வீட்டுச் சுவரில் நண்பரான ஓவியரின் படம் தொங்கும் வழக்கம் இப்படித்தான் தமிழ்நாட்டில் வேர்விட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு வந்தால், எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது பட்டறைக்கு ஒருவர் வரும் அந்த ஒரு மணி நேரம். அனுபவமுள்ள ஓவியர்கள் எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் பரப்பி வைப்பதில்லை. படங்கள் சுவரைப் பார்த்தபடி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு ஓவியர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வார். பேசமாட்டார். வந்தவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார், கிட்டே போகிறாரா, மறுபடி எதைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதை அவர் கவனிப்பார். ஏழெட்டுப் படங்களுக்கு மேல் காட்டினால் கண் களைத்துவிடும். முடிந்தவற்றோடு பாதியில் நிற்கும் ஒன்றும், தேறாமல் போன ஒன்றும் காட்டப்பட்டால் வந்தவருக்கு ஓவியரின் தீர்ப்பின்மேல் நம்பிக்கை பிறக்கும். எது தேறவில்லை என்று தெரிந்தவர் எது தேறியது என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. விலையை வந்தவர் கேட்கும்வரை சொல்லாமலிருப்பதும், கேட்ட உடனே தயங்காமல் சொல்வதும் வேண்டும். தயக்கம் பேரத்துக்கு அழைப்பாகிவிடுகிறது. ஒன்றும் வாங்காமல் போகிறவரை, வாங்கியவரைப் போலவே வாசல்வரை வந்து வழியனுப்புவது நல்லது. முதல் வருகையிலேயே வாங்குபவர் சிலர்தான்.

அதற்குப் பிறகு வருவது பேரேடு. ஜோ வைத்திருந்தது போன்ற ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: யார், எப்போது வந்தார், எந்தப் படத்தின் முன் நின்றார், எதை வாங்கினார், என்ன விலை, எந்த ஊருக்குப் போனது. இதிலிருந்துதான் பொருத்தமான கடிதம் பிறக்கும். நீல நிறப் படத்தின் முன் நெடுநேரம் நின்றவருக்கு, இரண்டாண்டு கழித்து அதே வரிசையில் இன்னொன்று முடிந்தபோது அதன் புகைப்படத்தோடு நாலு வரி எழுதினால் அது தொல்லையாகாது. எல்லாருக்கும் எல்லாப் படங்களையும் வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் அனுப்பினால் ஆகும்.

விலையில் நேர்மை என்பது பழக்கத்தின் உயிர்நாடி. ஒரே அளவு, ஒரே ஊடகம் கொண்ட படங்களுக்கு ஆளுக்கொரு விலை சொன்னால், வாங்கியவர் இருவர் ஒரு கல்யாண வீட்டில் சந்திக்கும் நாளில் அது வெளியாகிவிடும். கேலரியில் ஒரு விலைக்கு வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கேட்பவருக்குக் கமிஷனைக் கழித்துக் கொடுப்பதும் அப்படித்தான். கேலரிக்காரர் மனம் விட்டுப்போகும், அதிக விலை கொடுத்தவரும் ஏமாந்ததாக உணர்வார். நண்பர்களுக்குச் சலுகை தர விரும்பினால் விலையைக் குறைப்பதைவிடத் தவணை தருவது மேல். வோகல் தம்பதி காட்டியபடி, மாதச் சம்பளக்காரருக்கு அதுவே பெரிய உதவி. படத்தைச் சில வாரம் வீட்டில் மாட்டிப் பார்க்கக் கொடுப்பதும் ஷொக்கேயின் வீட்டில் நடந்தது போலவே இன்றும் பலன் தருகிறது. கொடுக்கும்போது படத்தின் நிலை, மதிப்பு, திருப்பித் தரும் நாள் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நட்பைக் கெடுக்காது, காக்கும்.

சொல்லி வரையச் செய்யும் படங்களில்தான் உறவு அதிகம் சோதிக்கப்படுகிறது. சோபாவின் நிறத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதில் தொடங்கி, முகத்தில் சிரிப்பு போதவில்லை என்பதில் போய் நிற்கும். முதலிலேயே சிறு வரைவு காட்டி ஒப்புதல் பெறுவது, மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் வாங்குவது, எத்தனை முறை திருத்தம் செய்யப்படும் என்று எழுதிக்கொள்வது ஆகியவை இங்கே கட்டாயம். சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஓவியர் தாமாக வரைந்து விற்ற படத்தின் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அவரிடமே இருக்கும். வாங்கியவர் படத்துக்குத்தான் உரிமையாளர், அதை நாட்காட்டியில் அச்சிட அவருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக வரையச் செய்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவரே. இதை அறியாமல் பின்னால் மனக்கசப்பில் முடிந்த நட்புகள் உண்டு. அதே சட்டத்தின் 53அ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ 10 விழுக்காட்டுக்கு மேற்படாத பங்கு கோர உரிமை தருகிறது. படம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த உரிமைக்குப் பொருள் உண்டு. பேரேடு இங்கும் வேண்டியிருக்கிறது.

படம் வீட்டுக்குப் போன பிறகும் பழக்கத்துக்கு வேலை இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் நிறையவே இருக்கிறது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம் பூஞ்சை பூக்கும். தாளில் வரைந்தவற்றில் கண்ணாடி தாளைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். மலிவான அட்டை வைத்துச் சட்டகம் போட்டால் சில ஆண்டுகளில் தாள் பழுத்துப் பழுப்பாகும். சட்டகத்தின் கீழ் மூலைகளில் சிறு கட்டைகள் வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓட விட வேண்டும், ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, நேர்வெயில் படக் கூடாது. இவற்றை வரைந்தவரே வந்து, சுவரைப் பார்த்து, ஆணி அடிக்கும் இடத்தைக் காட்டிச் சொன்னால் வாங்கியவர் மறக்கமாட்டார். ஓராண்டு கழித்து ஒருமுறை வந்து பார்த்துப் போகும் ஓவியர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அன்று வந்திருக்கும் விருந்தினரில் ஒருவர் அடுத்த பட்டறை வருகையாளராவது அடிக்கடி நடப்பது.

நெருக்கத்துக்கு எல்லையும் வேண்டும். ஒருவரே திரும்பத் திரும்ப வாங்கும்போது, அவருக்குப் பிடித்ததையே கை தானாக வரையத் தொடங்கும் ஆபத்து உண்டு. விற்ற வரிசையை விட்டு விலகி ஓவியர் புதிதாக ஒன்றில் இறங்கும்போது பழைய ஆர்வலர் சிலர் உதிர்ந்துபோவார்கள். அதை இழப்பாக எண்ணிப் பின்வாங்கியவர்களின் படங்கள் மெல்லச் சோர்ந்துபோனதை எந்த ஊரிலும் காணலாம். பணிக்கர் 1963 முதல் சொற்களும் குறியீடுகளுமான வரிசைக்குத் திரும்பியபோது, அவருடைய முந்தைய படங்களை விரும்பியவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. அவர் திரும்பத்தான் செய்தார். கடன் கேட்பது, குடும்பச் சிக்கலைச் சொல்லிப் படத்தை வாங்கச் செய்வது ஆகியவையும் தவிர்க்கப்பட வேண்டியவை. இரக்கத்தால் வாங்கிய படம் பெரும்பாலும் பரண் ஏறிவிடுகிறது.

எல்லாப் பழக்கமும் ஒரு தலைமுறையோடு கைமாற வேண்டியிருக்கிறது. வாங்கியவர் காலமான பின் பிள்ளைகளுக்குச் சுவரில் இருக்கும் படம் யாருடையது என்றே தெரியாமல் போவது உண்டு. இதற்காகவே படத்தின் பின்புறத்தில் ஓவியரின் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஐந்தையும் எழுதுவது வழக்கம். அதே விவரங்களோடு, வாங்கியவர் பெயரும் நாளும் சேர்த்துக் கையெழுத்திட்ட சான்று ஒன்றும் தரப்படுகிறது. பிற்காலத்தில் படம் அசல்தான் என்று நிறுவ நேர்ந்தால், கைமாறிய வரலாறு முதலில் கேட்கப்படும். ஷொக்கேயின் மனைவி இறந்த பின் 1899 ஜூலையில் அவர்களுடைய தொகுப்பு பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. டுராண்ட்-ருயெல் பல படங்களை எடுத்தார். அவற்றில் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கும் செசான் ஓவியங்களின் உரிமை வரலாற்றில், தொடக்க வரிகளில் பாரிஸ் சுங்கத்துறை ஊழியர் ஒருவரின் பெயர் நிற்கிறது.